கதவு திறக்காத காரிநாச்சி

கதையில் வரும் ஒருத்தியால் மேலூரில் ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று.

துரைக்கண்ணு தையல்கடைக்காரர். ஞாயிறு மாலை துணி வெட்டும் மேசையைச் சுற்றி ஸ்டூல் போட்டு வாசகர் வட்டம் நடத்துவார். அங்கே ஒரே சட்டம்: முழுதாகப் படிக்காதவர் பேசக் கூடாது. வட்டத்துக்கு வந்துபோன பழக்கத்தில்தான் வேதவல்லியின் மகனுக்கு மாசிலாமணியின் மகள் அங்கயற்கண்ணி என்று நிச்சயமாயிற்று. நடுவில் நின்று பேசி முடித்தவர் துரைக்கண்ணு. அன்றைக்குப் பிடித்தது அவருக்குத் தலைவலி.

அந்த நேரம் பார்த்து வட்டம் ஒரு சரித்திர நாவலைக் கையில் எடுத்தது. மூன்று பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். நாயகி காரிநாச்சி. கோட்டைக் கதவை எதிரிக்குத் திறப்பதில்லை என்று சாகும் தகப்பனுக்கு வாக்குக் கொடுக்கிறாள். இரண்டாம் பாகத்தில் எதிரி அவள் புருஷனைப் பிடித்துவந்து கதவுக்கு வெளியே நிறுத்துகிறான். திறந்தால் இவன் பிழைப்பான். அவள் திறக்கவில்லை. தலை உருண்டது. மூன்றாம் பாகத்தில் எதிரி ஓடிப்போனபின், செத்த புருஷனைப் பெற்றவள் அதே கதவின் முன்னால் நின்று, என் பிள்ளையைவிட இந்த மரம் பெரிதா என்று கேட்கிறாள். காரிநாச்சி ஒன்றும் பேசாமல் மாடத்துக்கு ஏறிப்போகிறாள். கிழவி வாசலிலேயே கிடந்து சாகிறாள்.

புருஷனைக் கொடுத்தவள் என்ன பெண்டாட்டி என்றாள் வேதவல்லி. திறந்திருந்தால் ஊரே போயிருக்கும் என்றார் மாசிலாமணி. வாராவாரம் இதே பேச்சு. அங்கயற்கண்ணி அப்பாவோடு வருவாள். முதல் பாகத்தையே முடிக்காதவள். அவள் வாயெடுத்தபோதெல்லாம் துரைக்கண்ணு சட்டத்தைச் சொல்லி உட்காரவைத்தார்.

ஒரு நாள் மாசிலாமணிக்குச் சூடு ஏறிவிட்டது.

"உள்ள ஆயிரம் உசுரு இருக்கும்மா. உங்க பையன் ஒருத்தன்தானே?"

வேதவல்லி மெதுவாகப் புத்தகத்தை மூடினாள்.

"என் பையனா?"

வாய் தவறிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை. சொன்னதில் என்ன தப்பு என்று மல்லுக்கு நின்றார்.

மறுநாள் காலையில் தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. காரிநாச்சிக்கு வக்காலத்து வாங்குகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டாளாம். மாசிலாமணியோ கொண்ட கருத்தை மாற்ற மாட்டாராம். துரைக்கண்ணு இரண்டு தெருவுக்கும் நடந்து நடந்து முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். ஒரு பக்கம் காபி கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் அதுவும் இல்லை. கடைசியில் தையல் மெஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டு, எவளோ ஒருத்தி எந்தக் கோட்டையையோ திறந்தால் எனக்கென்ன, திறக்காவிட்டால் எனக்கென்ன என்றார்.

படித்தவர்களே, உங்களைக் கேட்கிறேன். கதவைத் திறக்காத காரிநாச்சி, தட்டைத் திருப்பிய வேதவல்லி, பிடித்த பிடியை விடாத மாசிலாமணி, இதில் யார் செய்தது சரி?

விடை இதுதான். கதவைத் திறக்காதது சரி. கிழவியை வாசலில் விட்டு ஏறிப்போனது தப்பு. அதை மாசிலாமணி பார்க்கவில்லை. வேதவல்லிக்கும் கோபம் கதவின் மேல் இல்லை. கேட்க ஆளில்லாமல் செத்த கிழவியாகத் தன்னை நினைத்துக்கொண்டாள். இது படித்து முடித்த யாருக்கும் எட்டவில்லை. படிக்காத ஒருத்தி நேரே வேதவல்லி வீட்டுக்குப் போய், "அத்தை, அவரைப் பிடிச்சுட்டு வந்து நிறுத்தினா நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். வேதவல்லி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு, "திறக்காதே. என்னை உள்ளே கூட்டிக்கிட்டு அப்புறம் சாத்து" என்றாள். அன்று சாயங்காலமே தட்டை மறுபடி மாற்றிக்கொண்டார்கள். துரைக்கண்ணுதான் பேசிச் சேர்த்துவைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர் இல்லை. அங்கயற்கண்ணி.