மையாளின் காலைத் தாவல்

“காலையில் எழுந்தால் என் முதுகைப் பார்க்க ஆளில்லை, மகாராணிக்குத் தாவப் போக வேண்டுமாம்!”

தீர்க்கவாலர் இதைச் சொன்னது மருத மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து. சொல்லிவிட்டு இரண்டு தரம் இருமினார். காட்டில் யார் காதிலாவது விழாமல் போயிருந்தால் மறுபடியும் சொல்லத் தயார் என்று அதற்குப் பொருள். அவர் மந்திக் கூட்டத்தின் தலைவர். உச்சிக் கிளையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, யாராவது பேன் எடுத்துவிடுவார்கள் என்று காத்திருப்பதுதான் தலைவரின் வேலை.

கீழ்க் கிளையில் அவர் மனைவி மையாள், குட்டி மொச்சையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் இன்னும் போகவே இல்லைங்க. போகட்டுமான்னுதான் கேட்டேன்.”

“கேட்டதே தப்பு,” என்றார் தலைவர்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் மையாளைப் போலத் தாவுகிறவள் அந்தக் கூட்டத்தில் இல்லை. விடிந்ததும் ஆற்றின் இக்கரை மருதிலிருந்து அக்கரை அத்திக்கு ஒரே தாவல். திரும்பி வர இன்னொன்று. பிறகு மொச்சை பிறந்தான். பால் குடித்தான், தூங்கினான், விழித்தான், மறுபடி பால் குடித்தான். பல் முளைக்கட்டும், தாவலாம் என்றாள் மையாள். பல் முளைத்தது, கடித்தான். மழை விடட்டும் என்றாள். மழை விட்டது; வெயில் தணியட்டும் என்றாள். வளர்பிறையில் ஆரம்பித்தால்தான் எதுவும் நிலைக்கும் என்றாள். வளர்பிறைகள் வந்து தேய்ந்து போயின. மையாளின் இடுப்பு மட்டும் தேயவில்லை.

இப்போது கோடை. இக்கரையில் தளிர் தீர்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் அத்தி காய்த்துக் குலுங்கியது. காய் பழுத்ததும் கூட்டம் அங்கே போகும். தாவ முடிந்தவர்கள் கிளை வழியாகப் போவார்கள். முடியாதவர்கள் இறங்கி, ஆற்றுப் பாறைகள் வழியாகப் போக வேண்டும். பாறையில் சிறுத்தை படுத்திருக்கும். அதற்கும் கோடைதான்; அதற்கும் பசிதான். போன வருடம் பாறை வழியாகப் போன ஒரு தாயும் குட்டியும் அக்கரை சேரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேன் எடுக்கும்போதுகூட.

மையாள் கிளை நுனிக்குப் போய் அக்கரையைப் பார்த்தாள். ஆறு முன்பைவிட அகலமாக இருந்தது. கோடையில் ஆறு அகலமாகாது என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் விடிகிற நேரம், மொச்சை தூங்கும்போது கிளம்பினாள். மையாளுக்கு எதையும் முழுசாகச் செய்ய வேண்டும்; அரைகுறையாகச் செய்வது சோம்பேறிகளின் வேலை. அதனால் விட்டுப்போன தாவல் அத்தனையையும் ஒரே காலையில் தாவித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மருதிலிருந்து புங்கு, புங்கிலிருந்து நாவல், நாவலிலிருந்து மூங்கில். மூங்கில் வளைந்தது. அது நிமிர்ந்தபோது மையாள் அதில் இல்லை. முட்புதரில் இருந்தாள்.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தவளைப் பார்த்து, “நான் அப்பவே சொன்னேன்,” என்றார் தீர்க்கவாலர். அவர் அப்போது அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் சேர்த்து இப்போது நாள் முழுக்கச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குத் தாவல் எதற்கு, பாறை வழியாக மெதுவாக வந்தால் போதாதா என்று யோசனையும் சொன்னார்.

“பாறையில சிறுத்தை இருக்கே.”

“அப்ப வேகமா வா.”

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டினார்.

மையாளின் கால் வீக்கம் வடிகிற சமயத்தில் அவள் அக்கா குழலி பார்க்க வந்தாள். அந்த மந்திகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டி பிறந்தால் அதைத் தாய் மட்டும் சுமப்பதில்லை. பெரியம்மா, சித்தி, கல்யாணமாகாத பெண்கள் என்று மடிக்கு மடி போகும். மையாள் மட்டும் மொச்சையை யாரிடமும் கொடுத்ததில்லை. குழலி தலைகீழாகப் பிடிப்பாள். இன்னொருத்தி கசப்பு இலையை ஊட்டிவிடுவாள். மற்றொருத்திக்கு எப்போதும் தும்மல். இப்படி ஆளுக்கொரு குறையைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, உதவிக்கு ஒருத்தருமில்லை என்று மூக்கைச் சிந்தினாள்.

“பொழுதெல்லாம் இவன் என் கையில. எனக்கு நேரம் எங்கேக்கா இருக்கு?”

“என் மடியில இருக்கு. அவனை இப்படிக் கொடு.”

“நீ தலைகீழாப் பிடிப்பே.”

“உன்னையும் அப்படித்தான்டி பிடிச்சேன். அம்மா தாவப் போனப்ப எல்லாம் என் கையிலதான் கிடந்தே. என்ன கெட்டுப்போச்சு உனக்கு? வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அது நான் பிடிச்சதால வந்ததில்லை.”

மையாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கீழே பாறையில் சிறுத்தையும் கொட்டாவி விட வாயைத் திறந்தது. மையாள் வாயை மூடிக்கொண்டு குட்டியைக் கொடுத்தாள்.

மொச்சை அலறினான். மையாள் பக்கத்துக் கிளைக்குத் தாவினாள், திரும்பிப் பார்த்தாள், உடனே தாவி வந்துவிட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான். ஆறு தாண்டினவள் கிளை தாண்டி மூச்சு வாங்குகிறாளே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இதற்குப் பெயர் தாவலா என்று முணுமுணுத்தாள்.

“நேத்து இதுவும் இல்லை. நாளைக்கும் வா,” என்றாள் குழலி.

மறுநாளும் போனாள். பக்கத்துக் கிளை, அப்புறம் அதற்கடுத்த கிளை. இடையில் ஒரு நாள் மொச்சைக்கு வயிறு சரியில்லை, போக முடியவில்லை. பழைய மையாள் என்றால் அத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த வளர்பிறைக்குக் காத்திருப்பாள். இந்த மையாள் அதற்கடுத்த காலையே போய் நின்றாள். பகலில் இலை பறிக்கப் போகும்போதும் கிளையோடு கிளையாக நடக்காமல், குறுக்கே தாவிப் போனாள். சீக்கிரமே புங்கு வந்தது, நாவல் வந்தது. மூங்கிலை மட்டும் அவள் மன்னிக்கவில்லை.

மொச்சையும் அழுவதை விட்டுவிட்டான். பெரியம்மாவின் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தான். அதைப் பார்த்து மையாளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனால் ஆற்றைத் தாண்டும் அன்று அவரவர் குட்டி அவரவர் வயிற்றில்தான். அதனால் கடைசிச் சில நாட்கள் அவனையும் தொங்கவிட்டுக்கொண்டே தாவிப் பழகினாள்.

இதற்குள் தீர்க்கவாலரின் முதுகில் பேன் பெருகிவிட்டது. அதைக் காலையிலும் மாலையிலும் காட்டுக்கு அறிவித்தார். நகர்ந்து போய் வேறு யாரையாவது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் நகர்ந்தே வெகு காலமாகியிருந்தது.

அத்தி பழுத்தது. ஒரு காலையில் கூட்டம் கிளம்பியது. மையாள் மருதின் நுனிக் கிளைக்குப் போனாள். கீழே சிறுத்தை எழுந்து உட்கார்ந்தது. மொச்சையின் விரல்கள் அவள் வயிற்று மயிரை இறுக்கின.

“கெட்டியாப் பிடிச்சுக்கோடா,” என்றாள்.

ஆற்றை அவள் பார்க்கவில்லை. அத்திக் கிளையை மட்டும் பார்த்தாள். தாவினாள்.

முன்பு போல அழகாகவெல்லாம் இல்லை. கிளை கைக்குக் கிடைத்தது. கிடைத்ததும் ஆற்றை நோக்கித் தாழ்ந்தது. அவள் வால் தண்ணீரைத் தொட்டது. சிறுத்தை முன்காலை எடுத்து வைத்தது. கிளை மேலே எழுந்தது, மையாளும் மொச்சையும் அதோடு எழுந்தார்கள். சிறுத்தை முன்காலைத் திரும்ப வைத்துக்கொண்டது.

“இன்னொரு தரம்,” என்றான் மொச்சை.

கடைசியாகத் தீர்க்கவாலர் தாவினார். பாதி ஆற்றைத் தாண்டினார். மீதியை நீந்தினார். சிறுத்தை பார்த்துக்கொண்டிருந்ததால் நன்றாகவே நீந்தினார்.

மறுநாள் பொழுது விடிந்தது. அத்தியின் உச்சிக்கு ஏற முடியாமல் தலைவர் அடிக்கிளையிலேயே உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை மகாராணி என்று சொல்லவில்லை, இருமவும் இல்லை.

“மையா, முதுகு இன்னும் ஈரமாவே இருக்கு. கொஞ்சம் பார்த்து விடேன்.”

மையாள் அதற்குள் பல மரங்கள் தாண்டிப் போயிருந்தாள். குழலியின் மடியில் மொச்சை இருந்தான், வாயில் அத்திப் பழம் இருந்தது.

நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கும் உடம்பு காத்துக்கொண்டேதான் இருக்கும்; பிள்ளையை நம்பி ஒரு மடியில் கொடுத்துவிட்டு இன்றைக்குக் கொஞ்சமாவது தாவுகிறவளே நாளைக்கு ஆற்றைத் தாண்டுவாள்.