ஆறிய காலும் ஆறாத அவசரமும்

மேற்கு மலையின் உச்சிப் பாறைகளில் ஒரு வரையாட்டு மந்தை வாழ்ந்தது. அதில் கருவன் என்ற கிடாதான் தாவுவதில் சூரன். புல்வெளிக்கும் உச்சிப் பாறைக்கும் நடுவே ஆழமான பிளவு ஒன்று இருந்தது. மற்ற ஆடுகள் பக்கத்துப் பாறை விளிம்பில் ஒட்டி ஒட்டி ஏறும். கருவன் மட்டும் பிளவை ஒரே தாவலில் கடக்கும்.

மழைக்காலத் தொடக்கத்தில் பாறை வழுக்கி, கருவனின் பின்னங்கால் முறிந்தது. புல்வெளியில் ஒரு பாறை இடுக்கில் அது முடங்கிக் கிடந்தது. தின்பதும் படுப்பதும்தான் வேலை. வெயில் வந்தபோது கால் கூடிவிட்டது. ஆனால் வயிறு சரிந்து, தொடை வற்றியிருந்தது.

மேலே குளம்பொலி கேட்கும்போதெல்லாம் கருவனுக்கு இருப்புக் கொள்ளாது. எழும். நடக்கும். திரும்பி வரும். புல்லைக் கடிக்கும், துப்பும்.

இதை ஒரு நரி கவனித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே! கால்தான் ஆறிவிட்டதே! சிங்கம் மாதிரி இருக்கிறீர்கள். ஒரு தாவு தாவினால் மந்தையோடு சேர்ந்துவிடலாமே!"

"அதைத்தானே நானும் நினைத்தேன்!" என்றது கருவன்.

ஓடியது. தாவியது. முன்னங்கால்கள் எதிர்ப்பாறையைத் தொட்டன. பின்னங்காலில் உந்த வலுவில்லை. சரிந்து விழுந்தது! நல்லவேளை, பிளவின் சுவரில் முளைத்திருந்த புதர் தாங்கிக்கொண்டது. தட்டுத் தடுமாறிப் புல்வெளிக்கே திரும்ப ஏறும்போது கருவன் கீழே பார்த்தது. பிளவின் அடியில் நரி நாக்கைச் சப்புக்கொட்டி நின்றது.

"அடடா! நூலிழையில் தவறிவிட்டது அண்ணே! நாளைக்கு இன்னொரு தரம் தாவுங்கள்!"

உச்சியிலிருந்து இதைப் பார்த்த வெண்ணி என்ற பெண் ஆடு இறங்கி வந்தது. இரண்டும் ஒன்றாக வளர்ந்தவை.

"கால் ஆறிவிட்டது, சரி. பலம் வந்துவிட்டதா?" என்றது வெண்ணி.

"நேற்றுவரை தாண்டியவன் நான்!"

"நேற்றா? மழைக்கு முன்னால்! போய்ப் புல்வெளியில் இருக்கும் குண்டுக்கல்லில் ஏறிப் பழகு."

"குட்டிகள் ஏறும் கல்லிலா? எல்லாரும் சிரிப்பார்கள்!"

"நரியும் சிரிக்கும். உன்னைத் தின்றுவிட்டு!"

மறுநாள் கருவன் குண்டுக்கல்லில் ஏறியது. முழங்கால் வெடவெடத்தது. அடுத்த நாள் உடம்பெல்லாம் வலி. அப்போதும் நிறுத்த மனம் வரவில்லை.

"இன்றைக்குப் போதும், படு!" என்றது வெண்ணி.

"மழை முழுக்கப் படுத்தேனே! இன்னும் படுக்கவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தது.

ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. குளம்பை எங்கே ஊன்றுவது, எப்போது எம்புவது என்று உடம்புக்கே நினைவிருந்தது. குட்டியாக இருந்தபோது ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டு எட்டிய உயரத்தை, இப்போது சில நாட்களிலேயே எட்டிவிட்டது. பிறகு பாறை விளிம்பில் பாதிவரை ஏறி இறங்கப் பழகியது. தொடை மெல்ல இறுகியது.

நரி பொறுமை இழந்தது. செந்நாய்க் கூட்டத்திடம் ஓடியது.

"கொழுத்த கிடா ஒன்று இருக்கிறது! பிளவின் பக்கம் துரத்துங்கள். தாவுவான், விழுவான். எனக்கு ஒரு தொடை போதும்!"

செந்நாய்கள் பாய்ந்து வந்தன. கருவன் பிளவின் ஓரத்துக்கு ஓடியது.

"தாவுங்கள் அண்ணே! உங்களால் முடியாததா?" என்று நரி கத்தியது.

கருவனின் கால் துறுதுறுத்தது. ஒரு கணம்தான். "இன்னும் நேரம் வரவில்லை!" என்று சொல்லி, சட்டென்று பாறை விளிம்புக்குத் திரும்பியது. ஒரு செந்நாயின் பல் வால்முடியை உரசியது. கருவன் ஏறியது. பாதி தூரத்தில் கால் நடுங்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த குளம்பை ஊன்றியது. அந்தச் செங்குத்துப் பாறையில் செந்நாய்களால் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை.

உச்சியில் மந்தை விலகி இடம் விட்டது. கருவன் மூச்சு வாங்க நடுவில் போய் நின்றது.

"எங்கே எங்கள் விருந்து?" என்று செந்நாய்கள் நரியின் பக்கம் திரும்பின. நரி அந்த மலையை விட்டே ஓடியது.

இழந்த பலம் திரும்பி வரும். ஆனால் விட்ட இடத்தில் தொடங்காமல், இன்று தன்னால் முடிகிற இடத்தில் தொடங்குகிறவனிடமே வரும்.