கணக்கில் அடங்காத ஜமீன்தார்

கரட்டுப்பட்டி ஜமீன்தாரைக் கலெக்டர் துரை ஒருநாள் "இன்கம்ப்யூட்டபிள்" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவர் அதையே ஓயாமல் சொல்லிச் சொல்லி, பல்லக்குத் தூக்கி சுடலைக்கும் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் காதுவலி. தோள்வலி முன்பே உண்டு.

"அப்படின்னா என்ன தெரியுமாடா? எவனாலும் கணக்குப் போட முடியாதவன்னு அர்த்தம்!" என்றார் ஜமீன்தார், உச்சி வெயிலில், பல்லக்குக்குள் சாய்ந்தபடி.

"சரிங்க சாமி. ஆலமரம் வந்திருச்சு, கொஞ்சம் இறக்கி வைக்கட்டுங்களா?" என்றான் சுடலை.

"என்னைக் கணக்குப் போட்டுச் சொல்லு, இறங்கி நடந்தே வர்றேன். முடியலேன்னா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இறக்கக் கூடாது."

சுடலை பெருமூச்சு விட்டான்.

"காலிப் பல்லக்குன்னா இருநூறு அடிக்கு ஒருதரம் தோள் மாத்துவோம் சாமி. உங்க ஆத்தா பெரியம்மா ஏறினா நூறு அடி. நீங்க ஏறினா நாப்பது. தீபாவளிக்கு முன்னால அம்பதா இருந்துச்சு. பலகாரம் பத்தடியைத் தின்னுருச்சு."

பல்லக்கின் பக்கத்தில் குடை பிடித்து வந்தவன் சிரிப்பில் குடையோடு குலுங்கினான். வாக்குக் கொடுத்தாயிற்றே, ஜமீன்தார் இறங்கி நடந்தார்.

பல்லக்கை நிழலில் வைத்துவிட்டு, நால்வரும் அப்படியே மண்ணில் சாய்ந்தார்கள்.

"இந்தச் சுகத்துக்குச் சொல்லலாம்டா அந்த இங்கிலீஷ் வார்த்தையை" என்றான் சுடலை, கண்ணை மூடிக்கொண்டு.