தாண்டிப் போன பை

மேலத்தேரிவிளைச் சபையில் சற்குணம் உபதேசியாருக்கு ஒரு கேள்வி இருந்தது. கேள்வி என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது கோபம்.

அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள். அவருக்கு உதவியாக வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையையும் ஏந்தி வருகிறவர் உபதேசியார். பாக்கியநாதன் ஐயர் வயதில் சற்குணத்துக்கு இளையவர்தான். ஆனாலும் மனதில் ஒன்று குடைந்தால் சற்குணம் அவரிடம்தான் போய் நிற்பார். ஐயர் லேசில் பதில் சொல்ல மாட்டார் என்பதும் தெரிந்துதான் போவார்.

"ஐயா, சபையில காசு கேக்கிறத நிப்பாட்டணும்."

ஐயர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும்தான். சபையார்கிட்டயே கேக்கக் கூடாதுங்கேன். வந்தவங்க போனவங்ககிட்ட கேக்கிறது அதவிட அசிங்கம். மணிக்கூண்டு நிதின்னு வாசிச்சீங்களே, 'வந்திருக்கும் விருந்தினரும் தாராளமாக'ன்னு. அன்னைக்குத்தான் பேச்சித்தாய் கடைசியா வந்தது."

மணி என்னவோ அதே பழைய மணிதான். கூண்டு மட்டும் உயர வேண்டும் என்று கமிட்டிக்கு ஆசை. அது போகட்டும்.

பேச்சித்தாய் முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்க வந்த வெளியூர்க்காரி. சபைக்காரி இல்லை, ஞானஸ்நானம் எல்லாம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே வந்தவள், பெண்கள் பக்கம் கடைசித் தூணில் சாய்ந்து பாயில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வாராவாரம் வந்தாள். யாரோடும் பேச மாட்டாள். சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்தத் தூணடிதான் உபதேசியாரின் மனைவி ஞானப்பூ உட்கார்ந்த இடம். அவள் இறந்த பிறகு அங்கே யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே விட்டு வைத்திருந்தார்கள். விவரம் தெரியாத பேச்சித்தாய் போய் உட்கார்ந்தபோது சற்குணத்துக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த வாரம் வருகிறாளா என்று வாசலைப் பார்த்தார். அதற்கும் அடுத்த வாரம், அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் பாட்டே வந்தது. அவள் ஞானப்பூ இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அந்த இடத்தில் முக்காடு போட்ட ஒரு தலை தெரிந்தால் போதும் என்றிருந்தது. இப்போது மறுபடியும் வெறும் தூண்.

"நான் பைய அவ முன்னாடி நீட்டக்கூட இல்லய்யா," என்றார் சற்குணம். "பாவம், கூலிக்காரி. என்னத்தப் போடுவா? முகத்தப் பாத்தேன், பையத் தூக்கிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டேன். வாராவாரம் அப்படித்தான். அப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சும் நீங்க வாசிச்ச அறிவிப்பு அவள வெரட்டிருச்சு."

ஐயர் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"நீங்க தாண்டும்போது அவ கை எங்க இருந்துச்சு?"

"கையா? சேலை முந்திய மடியில வச்சு நோண்டிக்கிட்டு இருப்பா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். காற்றடிக்கிற பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஐயர் உள்ளே போய்விட்டார். இவரிடம் கேட்டதற்கு அந்தச் சைக்கிளிடம் கேட்டிருக்கலாம் என்று சற்குணம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

மறு ஞாயிறு கைப்பிடி அரிசி ஞாயிறு. அது அந்தச் சபையின் பழைய வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பாள். மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பெரிய ஓலைப்பெட்டியில் கொட்டுவாள். ஞானப்பூ ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் சேர்த்து வந்தாள். அவள் போன பிறகு சற்குணம் சேர்த்து வந்தார். தன் கை பெரிது என்று, விரல்களை ஒடுக்கி, அவளுடைய பிடி எவ்வளவோ அவ்வளவே எடுப்பார். அந்த நேரத்தில் அடுப்படியில் அவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். மற்றபடி அந்த வீட்டில் அவள் எங்கேயும் இல்லை. அந்த ஒரு பிடிக்காகவே அவர் தினமும் உலை வைத்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். சற்குணம் கொட்டானோடு முன்னால் போனார். ஐயர் பெட்டியின் வாயைக் கையால் மூடினார்.

"உங்களுக்கு வேண்டாம் உபதேசியாரே. ஒத்தையாளு. கொண்டுபோய்ப் பொங்கிச் சாப்பிடுங்க."

"ஐயா..."

"வேண்டாம். அடுத்து வாங்கம்மா."

"ஐயர் சொல்லுதது சரிதான், பாவம்," என்றாள் பின்னால் நின்றவள். இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். சற்குணத்துக்குக் காது இரண்டும் எரிந்தன. அன்றைக்கு ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் கொட்டானைத் தூக்கிக்கொண்டு நேரே ஐயர் வீட்டுக்குப் போனார்.

"என்னத்துக்குய்யா அப்படிச் செஞ்சீங்க? அத்தன பேரு முன்னால!"

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இல்லாத ஆளுகிட்ட எதுக்கு வாங்கணும்னு நெனச்சேன்."

"யாரு இல்லாத ஆளு?" சற்குணம் கொட்டானை மேசையில் வைத்தார். "இது என் அரிசியாய்யா? அவ அரிசி. அவ வச்சிருந்த கொட்டான். எனக்கும் அவளுக்கும் மிச்சமிருக்கிறதே இந்த ஒண்ணுதான். இதையும் வேண்டாம்னுட்டா நான் யாருக்குய்யா உலை வைக்கணும்?"

ஐயர் மெதுவாகக் கேட்டார்.

"பேச்சித்தாய் கை எங்க இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

சற்குணம் கொட்டானை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போனார்.

விடிந்ததும் முருங்கைத் தோட்டத்துக்கு நடந்தார். செம்மணல் காலை வாரிவிட்டது. பறிப்பு ஓய்ந்து தோட்டம் வெறிச்சென்று கிடந்தது. கடைசிக் காய்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு ஒருத்தி மட்டும் இருந்தாள்.

"பேச்சித்தாய் இருக்காளாம்மா?"

"காய் ஓஞ்சு போச்சுல்லா. அவ மொளகாப் பழம் எடுக்கப் போயிட்டா."

"எந்த ஊருக்கு?"

"யாருக்குத் தெரியும்? வேன் வந்துச்சு, ஏறிட்டா." அவள் சற்குணம் எப்போதும் போட்டிருக்கும் வெள்ளை அங்கியைப் பார்த்தாள். "கோயில் ஆளா நீங்க? உங்க கோயிலுக்குன்னு முந்தியில தனியா ஒரு முடிச்சு போட்டு வச்சிருந்தாளே. பசியாக் கெடந்தாலும் அத அவுக்க மாட்டா."

சற்குணம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வந்தவங்களும் குடுக்கலாம்னு உங்க ஐயரு ஒருநா வாசிச்சாராமே. இன்னைக்கு நம்மகிட்டயும் வாங்குவாங்கன்னு பாட்டுக்கு நடுவுல முடிச்ச அவுத்துக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அன்னைக்கும் பையத் தூக்கிட்டுப் போயிட்டாராம் ஒரு பெரியவரு. திரும்பி வர்ற வழியில அந்தக் காசுக்கு டீ வாங்கிக் குடிச்சிட்டா."

"அழுதாளாம்மா?"

"அழல. சிரிச்சா. 'அங்க நம்ம முறை வராதுக்கா'ன்னா."

திரும்பி வரும் வழியில் சற்குணம் இரண்டு தடவை நின்று பின்னால் பார்த்தார். சாலையில் வேன் எதுவும் வரவில்லை. அவள் எந்தக் காட்டில், எந்த வெயிலில் குனிந்து பழம் எடுக்கிறாளோ. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அந்தத் தூணடியில் போய்ப் பையை நீட்டிக்கொண்டு நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஐயர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டாய்யா," என்றார் சற்குணம். "அந்தப் பெரியவரு நான்தான்."

ஐயர் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சற்குணம் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"இனி எல்லாரு முன்னாடியும் நீட்டுதேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நெசமாவே ஒண்ணுமில்லாத ஒருத்தி வந்து உக்காந்திருந்தா? வெறுங்கையோட வந்திருந்தா? பைய நீட்டினா அவ கூசிச் செத்துப் போவாளே. அவ முன்னாடி எப்படிய்யா நீட்ட?"

ஐயர் உள்ளே போனார். கோயிலிலிருந்து கொண்டு வைத்திருந்த பெரிய ஓலைப்பெட்டியைத் தூக்கி வந்து சற்குணத்தின் முன்னால் நீட்டினார். நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பி, முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சற்குணத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு உள்ளே போய் மேசையில் கிடந்த கொட்டானை எடுத்து வந்தார். கவிழ்த்தார். ஒரு மாதத்து அரிசி சரசரவென்று பெட்டியில் விழுந்தது. அடியில் ஒட்டியிருந்த மணிகளையும் விரலால் வழித்துப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐயர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டேன்யா," என்றார் சற்குணம்.

"நான் பாக்கலையே, உபதேசியாரே."