ஆவாரையின் முதல் கொத்து

காங்கயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு போகியன்று மூன்று பெண்கள் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். மூவர் மனதிலும் கள்ளம் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்த ஊர்க் குளக்கரை ஒரு பெருமழையில் உடைந்தது. கரையைப் பலப்படுத்த வந்த பொக்லைன், அதில் காலங்காலமாக மண்டிக் கிடந்த ஆவாரஞ்செடிகளை வேரோடு வழித்துப் போட்டுவிட்டுப் போனது. அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் கரை மண் சரிந்தது. வயலுக்குப் போடத் தழை இல்லை. போகியன்று வாசல் இறவாணத்தில், அதாவது கூரை விளிம்பில், வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுவதற்கான ஆவாரம்பூகூட டவுனிலிருந்து வேனில் வாடி வதங்கி வந்தது.

குளத்து மடையைத் திறந்து மூடும் வேலை சென்னியப்பனுடையது. "ஆவாரைதான் மறுபடி வரோணும். ஆடு வாய் வைக்காது, வேர் மண்ணை விடாது" என்றான். பக்கத்துக் கரட்டுக் குன்றுக்குப் போய் முற்றிய காய்களைப் பறித்து வந்தான். விதையின் தோல் கெட்டி. சுடுதண்ணீரில் ஊறவைத்தால்தான் முளைக்கும் என்று சொல்லி மனைவி வேலாத்தாளிடம் கொடுத்தான். அவளும் அடுத்த வீட்டுக் குஞ்சம்மாளும் பயறு வேகவைத்த பழக்கத்தில், விதையோடு சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். மண் நிரப்பிய பைகளில் அதை ஊன்றி இருபது நாளாகியும் ஒரு பையில்கூட முளை இல்லை.

"தாளிச்சிருந்தாச் சோத்துக்காவது ஆயிருக்கும்" என்றான் சென்னியப்பன்.

"சுடுதண்ணீன்னுதானுங்களே சொன்னீங்க?" என்றாள் வேலாத்தாள்.

"தண்ணியச் சுட வெக்கச் சொன்னேன். விதையவா வேக வெக்கச் சொன்னேன்?"

குஞ்சம்மாள் ஒரு வாரம் அவன் கண்ணில் படாமலே நடமாடினாள்.

மறுமுறை தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு விதையைப் போட்டார்கள். மறுநாள் காலையில் விதைகள் உப்பியிருந்தன. முந்நூறு பைகளில் பாதிக்கு மேல் முளைத்தது. மழை ஈரத்தில் கரையில் நட்டார்கள். கோடை வந்தபோது சென்னியப்பனுக்குச் சிறுநீரகம் கெட்டுக் கால் வீங்கிவிட்டது. வேலாத்தாள்தான் குடம் குடமாகச் சுமந்தாள். அவள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களில் குஞ்சம்மாள் ஊற்றினாள். அடுத்த வருஷ ஐப்பசி மழைக்குக் கரையில் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை.

"மொட்டு வெச்சிருச்சா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்டான்.

"இன்னும் இல்லீங்க."

"வெச்சா, முதல் கொத்து நம்ம வாசலுக்கு. அப்புறம் ஊர்ல ஒரு வாசல் விடாமப் போகட்டும். சரியா?"

"சரீங்க" என்றாள் வேலாத்தாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னான். கார்த்திகையில் இறந்துபோனான்.

மார்கழிக் கடைசியில் கரை முழுக்க மஞ்சளாகப் பூத்தது. ஊரார் யாரும் ஒரு பூவைத் தொடவில்லை. வேன் பூவும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். போகியன்று காலையில் நாலைந்து பெண்கள் வேலாத்தாள் வாசலுக்கு வந்தார்கள்.

"நீ முதல்ல கட்டு அம்மிணி. அப்புறம் நாங்க பறிச்சுக்கறோம்."

ஆனால் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் காப்புக் கட்டுகிற வழக்கம் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும், இறந்தவன் பேச்சை மீற அவர்களுக்கு மனம் வரவில்லை. வேலாத்தாள் எழுந்து குளக்கரைக்குப் போனாள். பெண்கள் பின்னாலேயே வந்து கரையடியில் நிற்க, அவள் செடிகளுக்கு நடுவே போய் நின்றாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால், அவனுக்காகக் காக்கும் துக்கத்தை முறிக்க வேண்டும். துக்கம் காத்தால் வாக்குப் போய்விடும், ஊர் வாசல்களும் வெறுமையாகக் கிடக்கும். பூவை நோக்கி நீண்ட கை ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது.

கரையின் மறுகோடியிலிருந்து குஞ்சம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் ஒரு கொத்தை ஒடித்தாள், வேலாத்தாள் வீட்டுக்குப் போனாள், முக்காலி போட்டு ஏறி இறவாணத்தில் கட்டினாள். சென்னியப்பனைப் பெற்ற பாவாயி உள்ளேயிருந்து வெளியே வந்தாள்.

"ஆரக் கேட்டுக் கட்டுன?"

"உங்க பையன் சொன்னதுங்க அத்தை."

"அவன் போயி இன்னும் ரெண்டு மாசம் ஆகல. பூக் கட்டிப்போட்டா அவன் செத்தது இல்லைன்னு ஆயிருமா?"

பாவாயி எட்டிப் பிடித்துக் கொத்தை அறுத்தாள்.

வேலாத்தாள் திரும்பி வந்தபோது கொத்து மாமியார் கையில் இருந்தது. இறவாணத்தில் நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. குஞ்சம்மாள் முக்காலியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தனை நேரம் இருந்துச்சு?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

"பத்து எண்ணற நேரங்கூட இருக்காது" என்றாள் குஞ்சம்மாள்.

வேலாத்தாள் கொத்தை வாங்கவில்லை. வந்த வழியே கரைக்குப் போனாள். அங்கே ஊர்ப் பெண்கள் காத்திருந்தார்கள்.

"எங்க வாசல்ல கட்டியாச்சு. நீங்க பறிச்சுக்குங்க" என்றாள்.

இன்னும் அங்கே இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லா இறவாணங்களிலும் ஆவாரம்பூ ஏறிவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த வழியாகப் போனவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கேட்காமல் கட்டியவள் குஞ்சம்மாள். கட்டியதை அறுத்தவள் பாவாயி. அறுத்ததைச் சொல்லாமல் கட்டியாச்சு என்று மட்டும் சொன்னவள் வேலாத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: வேலாத்தாள் செய்ததே சரி. வாக்குக் கொடுத்தவள் அவள். அதை அவளைக் கேட்காமல் குஞ்சம்மாள் நிறைவேற்றியது அன்பால்தான் என்றாலும், அது அவள் செய்யக்கூடிய காரியம் அல்ல. பிள்ளையை இழந்த பாவாயிக்குத் துக்கம் காப்பது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது, ஆனால் மகன் ஊருக்காகக் கேட்டதை அவள் நினைக்கவில்லை. அவன் கேட்டவை இரண்டு. முதலாவதை அவனுடைய சாவே தடுத்துவிட்டது. இரண்டாவதையாவது காப்பாற்ற வேலாத்தாள் அந்த அரைகுறை உண்மையைச் சொன்னாள். அது அரைகுறை என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த போகிக்குள் அந்த வீட்டுத் துக்கம் கழிந்துவிடும், காப்பும் கட்டுவார்கள். ஆனால் முதல் கொத்து என்பது ஒரு தடவைதான்.