உறுதியாக நீக்கலாமா?

கொக்குவாய்க்கால் சமையல்காரர்களைப் போல் சொன்ன சொல் தட்டாதவர்கள் எங்கேயும் கிடையாது. கஷ்டமே அதில்தான். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில், "இலை காலியா இருக்கக் கூடாது" என்று பெண்ணின் மாமா சொல்லி வைத்தார். சாப்பிட்டு மூடிய இலைகளையும் பிரித்துச் சோறு போட்டார்கள். கை கழுவப் போனவர்களை இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் ஒரு காதுகுத்துக்குக்கூட அவர்களைக் கூப்பிட ஆளில்லை.

தலைமைச் சமையல்காரர் கலியமூர்த்திக்கு இது பெரிய மனக்குறை. அண்டாக்கள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்போதுதான் விஷயம் தெரியாத வெளியூர் ரைஸ் மில் முதலாளி ஒருவர் போன் செய்தார். மகளுக்குக் கல்யாணமாம்.

"உங்க வெப்சைட்டுல சாப்பாட்டுப் பட்டியலைப் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன். பட்டியல்ல இருக்கிறதைத்தான் பரிமாறணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"உத்தரவு முதலாளி" என்று கலியமூர்த்தி போனுக்கே ஒரு கும்பிடு போட்டார்.

வெப்சைட் இருந்தது. கும்பகோணத்துத் தமயந்தி என்ற பெண், எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் தாங்களே வெப்சைட் நடத்தலாம் என்று ஒரு மென்பொருள் செய்து, முதன்முதலில் இவர்களிடம்தான் கொடுத்திருந்தாள். நல்ல பெண். அவளுக்குப் போதாத காலம்.

கலியமூர்த்தியும் அவருடைய ஆட்கள் நான்கு பேரும் லேப்டாப்பைத் திறந்தார்கள். 'படத்தை இழுத்து இந்தக் கட்டத்துக்குள் போடவும்' என்றது. பக்கிரிசாமி சுவரில் இருந்த குழுப் படத்தைக் கழற்றிக் கயிறு கட்டி, தெருவில் ஒரு சுற்று இழுத்து வந்தான். சுவரிலிருந்து மேசை வரை இழுத்தால் அது இழுத்ததில் சேராது என்பது அவன் கட்சி. கண்ணாடி போனது, முகங்கள் போயின, சட்டம் மட்டும் வந்து சேர்ந்தது. அதுவும் கட்டத்துக்குள் நுழையவில்லை.

சரி, பட்டியலையாவது போடுவோம் என்று அந்தப் பக்கத்துக்குப் போனார்கள். அங்கே தமயந்தி மாதிரிக்காக 'உணவு ஒன்று, உணவு இரண்டு' என்று எழுதி வைத்திருந்தாள். பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பட்டன். அமிர்தலிங்கம் அதை அழுத்தினான். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது: 'நீக்கினால் திரும்பக் கிடைக்காது. உறுதியாக நீக்கலாமா?'

ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"எவ்வளவு மரியாதையாக் கேக்குது பாருங்கடா!" என்று நெகிழ்ந்தார் கலியமூர்த்தி. வீட்டில்கூட அவரை யாரும் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"சட்டுனு சரின்னுட முடியுமாண்ணே? திரும்பக் கிடைக்காதுங்குதே" என்றான் பக்கிரிசாமி.

"அதானே? நாளைக்கு எவனாச்சும் வந்து, எங்கடா உணவு ஒண்ணுன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றான் அமிர்தலிங்கம்.

கலியமூர்த்தி நெடுநேரம் தாடையைத் தடவினார். "உறுதியான்னு கேக்குது. வாயால சொன்னா உறுதியாகுமா? சூடத்தைக் கொளுத்துங்க. இங்க இருக்கிற அத்தனை பேரும் அடிச்சு சத்தியம் பண்ணணும்."

ஒருவர் அடித்து அணைத்தால் அடுத்தவருக்கு வேறு சூடம் வேண்டும். மூன்றாவது ஆளோடு சூடம் தீர்ந்தது. வாங்கப் போனவன் கடைக்காரரிடம் விவரத்தைச் சொல்லி, அவருடைய அபிப்பிராயத்தையும் கேட்டுக்கொண்டு நின்றான். வெயில் இறங்கியது. அப்போது தமயந்தி போன் செய்தாள்.

"பட்டியல் போட்டாச்சா மாஸ்டர்?"

"இன்னும் ரெண்டு பேர் சத்தியம் பாக்கிம்மா."

விவரம் முழுவதையும் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "தப்பு உங்க மேல இல்ல மாஸ்டர், என் கேள்வி மேலதான். அதை எடுத்துடறேன். இனிமே அது கேக்காது" என்றாள். சொன்னபடியே எடுத்தாள். மாதிரிப் பட்டியல் அழிந்தது, சமையல் பட்டியல் ஏறியது, விளக்கு வைப்பதற்குள் முதலாளி கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிட்டார். கலியமூர்த்தி சந்தோஷத்தில் அழுதுகொண்டே அண்டாக்களை நிமிர்த்தினார்.

ஒரே ஒரு கவலைதான் பாக்கி. "அது கேக்காதுன்னா, இனிமே யாருடா கேக்கிறது?"

"நாமதான் கேக்கணும்ணே" என்றான் பக்கிரிசாமி. எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

கல்யாண நாள் வந்தது. சமையல் மணத்தது. கலியமூர்த்தி பூரிப்போடு அடுப்படியிலிருந்து மேடையை எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். யாருமே ஒன்றும் கேட்கவில்லை! கரண்டியோடு மேடைக்கு ஓடினார்.

"நிறுத்துங்க தம்பி! கட்டினா திரும்ப அவுக்க முடியாது. உறுதியாகக் கட்டலாமா?"

"உறுதியாத்தான்யா!" என்றார் மாப்பிள்ளை.

"வாயால சொன்னா ஆச்சா? இங்க இருக்கிற அத்தனை பேரும் சத்தியம் பண்ணணும்." பின்னாலேயே அமிர்தலிங்கம் ஒரு மூட்டை சூடத்தோடு மேடை ஏறினான். மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"முகூர்த்தம் தாண்டப் போகுது!" என்று ஐயர் கூவினார். முதலாளி பதறிப்போய், யார் கற்றுக் கொடுத்தது இதை என்று விசாரித்து, தமயந்தியைப் போனில் பிடித்தார். "அந்தக் கேள்வியைத் திரும்பப் போட்டுத் தொலைம்மா!"

அவள் உடனே போட்டுவிட்டு, போனைக் கலியமூர்த்தியிடம் கொடுக்கச் சொன்னாள். "மாஸ்டர், இனிமே கம்ப்யூட்டரே கேக்கும். நீங்க யாரையும் கேக்க வேண்டாம்."

கலியமூர்த்திக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. "அப்ப அதுவே வந்து கேக்கட்டும்" என்று ஆளை அனுப்பினார். அடுப்படியில் இருந்த லேப்டாப் மேடைக்கு வந்தது. பொட்டு வைத்து, மாப்பிள்ளை எதிரில் ஒரு மணையில் வைத்தார்கள். நீக்கு பட்டனை அழுத்தினால்தான் கேள்வி வரும் என்பது அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். அழுத்தினான். கேள்வி வந்தது. மாப்பிள்ளை இருந்த அவசரத்தில் எதையும் படிக்காமல் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டுத் தாலியைக் கட்டினார். மேளம் கொட்டியது. முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கலியமூர்த்தி திரையைப் பார்த்தார். பட்டியல் இருந்த இடம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நேரே அடுப்படிக்குப் போய் எல்லா அண்டாக்களையும் மூடினார்.

பந்தியில் இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். அப்புறம் ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"சாப்பாடு எங்கய்யா?" என்று அலறினார் முதலாளி.

"பரிமாறியாச்சு முதலாளி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வேணும்னா பட்டியலைப் பாருங்க" என்றார் கலியமூர்த்தி. பிறகு முதல் இலையில் உட்கார்ந்திருந்த சம்பந்தியிடம் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

"வெக்கப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கய்யா. இன்னொரு தடவை போடட்டுமா?"