பூமிநாதன் பங்குக்கு வந்த மரம்

கண்மாயை அடைத்துக் கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு மரம் என்று ஊரில் முடிவாகியிருந்தது. மடைப் பள்ளத்தில் மிஞ்சிய மீன் சாயங்காலம் பங்கு. மரத்தைத் தூரோடு எடுக்காதவருக்கு மீன் கிடையாது.

உச்சிவெயிலுக்குள் எல்லா மரமும் சாய்ந்துவிட்டது, பூமிநாதனுடையதைத் தவிர. இருந்த ஒரே நிழல் அதுதான் என்பதால் எல்லோரும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். பூமிநாதன் கோடாலியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் மீனுக்கென்று கொண்டுவந்த பெரிய வாளி.

"சவூதியில ஒட்டகம் மேய்ச்சவன் நான். இந்த மரத்துச் சாதியெல்லாம் எனக்குத் தெரியும். அங்க கிணறு வெட்டினோம். மூணு பனை ஆழத்துல தண்ணி வரல, வேர்தான் வந்துச்சு. காதை வச்சா, அது இன்னும் கீழ தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குது. மடக் மடக்குனு."

"விக்கல் எடுக்கலியா மாமா?" என்றான் காத்தமுத்து. அவன் முழங்கையில் முள் கிழித்த ரத்தம் காயவில்லை.

"சிரிடா. வெயில் ஏறுனா ஒவ்வொரு இலையும் முள்ளுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கும். ஒரு மரம் அதுவும் தாங்காம எந்திரிச்சு வந்து ஒட்டகக் கொட்டாய்க்குள்ள நின்னுச்சு. நான்தான் கயிறு போட்டு இழுத்துட்டுப் போய்ப் பழைய எடத்துல விட்டேன்."

"பால் கறந்தீகளா?" என்றாள் இருளாயி.

"மழையே இல்லாத ஊரு. ஒரு நாள் மேகம் ஒண்ணு தாழப் போச்சு. மரம் எட்டி முள்ளால ஒரே குத்து! ஒட்டகமெல்லாம் நீஞ்சித்தான் வீடு வந்துச்சுக."

"அதை யாரும் வெட்டலியா?" என்றான் காத்தமுத்து.

பூமிநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தன் வெட்டினான். கோடாலிப் பிடியும் அதே சாதி மரம். மரத்துல பட்டதும் பிடி வேர் விட்டுருச்சு. அவன் கையோட சேர்ந்து. இன்னமும் அங்கதான் நிக்கிறான். வருசம் ரெண்டு தடவை காய்க்கிறான். அதான் நான் கை வைக்கல. ஊர் நல்லதுக்குத்தான்."

மடை திறக்கிற, மீன் பங்கு வைக்கிற நீர்ப்பாய்ச்சி சாத்தையா துண்டை உதறி எழுந்தார்.

"பூமி, நீ சொல்றது நெசம்தான். உன் பங்கு மீனும் வெயில் தாங்காம அந்த வேரைப் புடிச்சுக் கீழ எறங்கிருச்சு. தூரைத் தோண்டு, எடுத்துக்க. கையில வேர் விட்டா சத்தம் குடு. காய்க்கிறப்ப காய் திங்க ஆட்டைப் பத்திட்டு வர்றோம்."

வாளியை எடுத்துக் கவிழ்த்துவைத்துவிட்டு மடைப் பக்கம் நடந்தார்.